தெரியாத சொல் எதிர்ப்பட்டால்: ஊகிப்பதா, பிரிப்பதா, அகராதியைத் திறப்பதா?

பத்தாம் வகுப்பில் படிக்கும் தன் மகள், பாடத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்திவிட்டு அகராதியைத் திறக்கிறாள் என்றும், ஒரு பக்கத்தைக் கடக்கவே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது என்றும் ஒரு தாய் வருத்தப்பட்டார். அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துவரும் இளைஞர் ஒருவரின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அவர் அகராதியைத் தொடுவதே இல்லை. முன்பின் வரும் சொற்களை வைத்துப் பொருளை ஊகித்தே பழகியவர். ஆனால் மாதிரித் தேர்வுகளில் ஒத்த பொருள்போலத் தோன்றும் இரண்டு விடைகள் எதிர்ப்படும்போதெல்லாம் தவறானதையே தேர்ந்துவிடுகிறார். இருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: தெரியாத சொல்லின் பொருளை அறிய, அல்லது கோடிட்ட இடத்துக்கு உரிய சொல்லைத் தேர, எந்த வழியைப் பழக வேண்டும்?

கையில் உள்ள வழிகள் நான்கு. தொடரின் சூழலை வைத்து ஊகிக்கலாம், சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம், அகராதியைத் திறக்கலாம், தெரிந்தவரைக் கேட்கலாம். பல ஆண்டுகள் தமிழ் கற்பித்ததில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல பொருள்களுள் இந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்வதில் சூழலுக்கு நிகரான துணை கிடையாது. ஆனால், தீர்ப்புக்கு முன்வைக்க வேண்டிய பொருள்களை அது நமக்குத் தருவதில்லை. அவை பிற வழிகளில்தான் வந்து சேர வேண்டும். இளைஞரின் சிக்கலுக்கும் மாணவியின் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது, எவ்வளவு துல்லியம் தேவை என்பது. கதை படிக்கும்போது ‘ஏதோ ஒரு மரம்’ என்று தெரிந்தால் போதும். மருந்துக் குறிப்பிலோ பத்திரத்திலோ அது போதாது. இரண்டாவது, நேரமும் வாசிப்பின் ஓட்டமும். மூன்றாவது, அந்தச் சொல் நாளைக்கும் நினைவில் இருக்குமா என்பது. நான்காவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கோ அதுவே முதன்மையானது: நாம் பிழையான பொருளைக் கொண்டுவிட்டால், அந்தப் பிழை நமக்குத் தெரியவருமா? தெரியவரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். தெரியாமல் தங்கிவிடும் பிழை பத்து ஆண்டுகள் கழித்து நம் எழுத்திலேயே வெளிப்படும்.

## சூழலை வைத்து ஊகித்தல்

இது மேலைநாட்டுக் கல்வியியலிலிருந்து அண்மையில் வந்த உத்தி என்று சிலர் எண்ணுகிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் இதை இலக்கண விதியாகவே வைத்திருக்கிறது. பல பொருள் குறிக்கும் ஒரு சொல், வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தன் பொருளைத் தெளிவுபடுத்தும் என்பது அதன் முதல் இயலான கிளவியாக்கத்தின் கருத்து. உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். ‘மாப் பூத்தது’ என்றால், பூத்தல் என்னும் வினை அதை மரம் என்று காட்டிவிடுகிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால், உடன்வந்த மருது என்னும் இனம் காட்டிவிடுகிறது. கவசம் அணிந்து நிற்பவன் ‘மாக் கொணா’ என்றால், போருக்குப் புறப்படும் அந்தச் சார்பு, கேட்பது குதிரையை என்று சொல்லிவிடுகிறது. அதே அதிகாரத்தின் உரியியலில் வரும் ‘முன்னும் பின்னும் வருபவை நாடி’ என்னும் தொடரை என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. முன்னால் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டுப் பின்னால் வருவதைப் பார்க்காமல் விடையைக் குறித்துவிடுவதுதான் தேர்வறையில் நிகழும் பிழைகளுள் பெரும்பகுதி.

வினை, இனம், சார்பு ஆகிய மூன்றோடு இன்றைய உரைநடைக்கு இன்னும் சில தடயங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘அதாவது’, ‘என்பது’ போன்றவை வந்தால் விளக்கம் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். ‘ஆனால்’, ‘மாறாக’, ‘மாட்டாது’ ஆகியவை வந்தால் எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். ‘ஆகையால்’, ‘அதனால்’ ஆகியவை காரணத்தையும் விளைவையும் இணைப்பதால், ஒன்று தெரிந்தால் மற்றொன்றை அணுகலாம். இவற்றுள் மிகவும் நம்பத்தக்கது வினையே என்பது என் அனுபவம். தமிழ்த் தொடரின் முடிவில் நிற்கும் வினைமுற்று, முன்னே நிற்கும் பெயர்கள் பலவற்றை வரம்புக்குள் கொண்டுவந்துவிடும்.

ஒலி வேறுபாட்டுச் சொற்களைத் தேர்வதில் இந்த வழியின் வலிமை முழுமையாகத் தெரியும். ‘கல்வெட்டில் மன்னனின் பெயரைப் ______’ என்ற இடத்தில் பொரித்தனர், பொறித்தனர் என்று இரண்டு சொற்கள் தரப்பட்டால், கல்வெட்டு என்ற ஒரு சொல்லே வழக்கை முடித்துவிடுகிறது. அப்பளமும் கோழிக்குஞ்சும் பொரிவன. எழுத்தும் முத்திரையும் பொறிக்கப்படுவன. ‘புயலின்போது ______ கடுமையாக வீசியது’ என்ற இடத்துக்கு வலி, வளி, வழி என்று மூன்று தரப்பட்டால், வளி என்றால் காற்று என்று தெரியாத மாணவர்கூட மற்ற இரண்டையும் நீக்கி விடையை அடைந்துவிடலாம்.

இவ்வளவும் அதன் நன்மை. இனி, மறைந்திருக்கும் செலவு.

‘மூன்று நாள் மழையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தது’ என்று ஒரு தொடர். ‘கலுங்கு’ தெரியாதவர், நீர் வெளியேறும் ஏதோ ஓர் இடம் என்று எளிதில் ஊகித்துவிடுவார். ஊகம் பிழையில்லை, ஆனால் அது ஓர் இனத்தைத்தான் தந்திருக்கிறது, சொல்லைத் தரவில்லை. மதகு, மடை, வாய்க்கால், கலுங்கு எல்லாவற்றின் வழியாகவும் நீர் வெளியேறத்தான் செய்கிறது. நானும் நெடுநாள் கலுங்கு என்பதை மடைக்கு இன்னொரு பெயர் என்றே கொண்டிருந்தேன். அந்தப் பொருளோடு படித்த எந்தத் தொடரும் எனக்கு இடறவில்லை. இடறாததுதான் சிக்கல். கண்மாய் மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பிலிருந்த பெரியவர் ஒருவர், “நாம தொறந்து விட்டா மடை தம்பி, நெறஞ்சு அதுவாப் போனா கலுங்கு” என்று ஒரே வாக்கியத்தில் விளக்கியபோதுதான், பாசனத்துக்குத் திறக்கும் வழியும் மிகுநீர் தானாக வெளியேறும் வழியும் வெவ்வேறு என்பது எனக்குத் தெரிந்தது.

இதைவிடக் கடுமையானது ‘இறும்பூது’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது. பழைய இலக்கியத்தில் அதன் பொருள் வியப்பு. இன்று பாராட்டு விழாக்களில் ‘இறும்பூது எய்துகிறேன்’ என்று கேட்பவர், மேடையின் சூழலை வைத்து அதைப் பெருமிதம் என்றோ மகிழ்ச்சி என்றோ ஊகிக்கிறார். பிறகு அவரே மேடையேறி அந்தப் பொருளில் ஆள்கிறார். வியப்பு, பெருமிதம், மகிழ்ச்சி மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தி நிற்கக்கூடியவை. ஆதலால், சூழல் இவற்றைப் பிரித்துக் காட்டாது. மா என்னும் சொல்லை வைத்தே இந்த எல்லையையும் இலக்கணம் காட்டியிருக்கிறது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். வினை வேறுபடுத்தாத இடத்தில் சொல்பவர்தான் வெளிப்படையாகக் கூறித் தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது அது.

மூன்றாவது ஒரு செலவும் உண்டு. சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருந்தால்தான் சூழல் பேசும். ஆங்கிலப் புனைகதை வாசிப்பை ஆராய்ந்த ஹூ, நேஷன் ஆகிய இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் உதவியின்றி ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது 50 சொற்களுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உண்மை ஒன்றுதான். ஒரு வரியில் நான்கு சொற்கள் தெரியாத மாணவியிடம் ‘சூழலைப் பார்த்துக் கண்டுபிடி’ என்பது, இருட்டறையில் நிற்பவரிடம் இருட்டைக் கொண்டே தேடச் சொல்வதாகும்.

## சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்னும் பகுபத உறுப்புகளைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறப்பவர்களே அதிகம். தெரியாத சொல்லுக்கு எதிரில் அது எத்தகைய கருவி என்பதை வகுப்பறையில் நாம் போதுமான அளவு காட்டுவதில்லை.

அறிவியல் பாடநூலில் இதன் பயன் மிகுதி. நுண்ணோக்கி, ஒளிச்சேர்க்கை, நுண்ணுயிரி, மின்கலம் போன்ற ஆக்கச் சொற்கள், உறுப்புகளிலேயே பொருள் தெரியும்படி அமைக்கப்பட்டவை. ‘நுண்’ என்பதை ஒரு முறை அறிந்த மாணவிக்குப் பத்துச் சொற்களின் கதவு திறக்கிறது. நினைவில் தங்கும் தன்மையில் இந்த வழியை வேறு எதுவும் மிஞ்சவில்லை என்பது என் கணிப்பு. சொல் தனித்த ஓர் ஒலியாக இல்லாமல் ஒரு குடும்பத்தின் உறுப்பினராக மனத்தில் அமர்கிறது. இன்னொரு பயனும் இருக்கிறது. ‘கற்றனர்’, ‘நின்றவர்களுக்கு’, ‘தந்தமையால்’ ஆகியவற்றை அந்த வடிவிலேயே எந்த அகராதியிலும் தேடிக் காண முடியாது. கல், நில், தா என்று பகுதியைக் கண்டுபிடித்த பின்தான் அகராதி திறக்கும். அந்தத் தாயின் மகளுக்கு அரை மணி நேரம் ஆவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய நூல்களைப் படிக்கும்போது பிரித்தறிதல் ஒருவரைப் பெரும் பிழையிலிருந்து காக்கும். கண்ணோட்டம் என்னும் 58-ஆம் அதிகாரத்தின் முதற்குறளை எடுத்துக்கொள்வோம்:

‘கண்ணோட்டம் என்னும் கழிபெருங் காரிகை
உண்மையான் உண்டிவ் வுலகு.’

இன்றைய வாசகர் ஒருவருக்கு இதில் ‘கழிபெரும்’ என்பதைத் தவிர எதுவும் தெரியாத சொல்லாகத் தோன்றாது. கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம், காரிகை என்றால் பெண், உண்மை என்றால் மெய் என்று மூன்றையும் தெரிந்த சொற்களாகவே கடந்துவிடுவார். மூன்றும் இங்கே பிழை. கண்ணோட்டம் என்பது இரக்கம். காரிகை என்பது அழகு. உண்மை என்பது உள் + மை, அதாவது உள்ளதாகும் தன்மை. இரக்கம் என்னும் பேரழகு இருப்பதால்தான் இவ்வுலகம் இருக்கிறது என்கிறார் வள்ளுவர். உள் + மை என்று பிரித்துப் பார்த்தவருக்கு, இல் + மை என்பதிலிருந்து வரும் இன்மையும் உடனே நினைவுக்கு வரும். அந்த இணையே பொருளைக் கையில் கொடுத்துவிடும்.

ஆனால் பிரிப்பதில் ஓர் ஏமாற்றம் இருக்கிறது, அது சூழல் தரும் ஏமாற்றத்தைவிடத் துணிச்சலானது. இலங்கைத் தமிழ்க் கதையொன்றில் ‘கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிக்கப் பழகிய தமிழ்நாட்டு மாணவர் கதிர் + ஐ என்று பிரித்து, நெற்கதிரையோ ஞாயிற்றின் கதிரையோ தேடுவார். கதிரை என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து ஈழத்தமிழில் நிலைத்த சொல். நாற்காலி என்று பொருள். ‘இழுத்துப் போட்டு’ என்னும் வினையைக் கவனித்த, பிரிக்கத் தெரியாத சிறுவன் சரியான பொருளை முதலில் அடைந்துவிடுவான். அதே தொடரின் ‘இருந்தார்’ என்னும் சொல்லில் அவனும் தவறுவான். அங்கே அதன் பொருள் அமர்ந்தார் என்பது. தெரிந்த சொல் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

கண்துடைப்பு, வெளிநடப்பு போன்ற சொற்களிலும் உறுப்புகளின் கூட்டுத்தொகை பொருளாவதில்லை. கண்ணைத் துடைப்பது ஆறுதல் என்று ஊகிக்கும் மாணவருக்கு, பெயருக்குச் செய்யும் வெற்றுச் செயலை அது குறிக்கிறது என்பதைச் செய்தியின் சூழல்தான் சொல்ல வேண்டும். ‘மொழிப் பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று உரியியல் எச்சரிப்பது இதையே: ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது.

வேங்கை என்னும் சொல்லில் இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிரிக்காமல் நின்றால் புலியாகவும் இருக்கும், மரமாகவும் இருக்கும். வேம் + கை என்று பிரித்தால் வேகின்ற கையாகவும் ஆகும். பிரிப்பது மூன்று பொருள்களையும் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. பூத்ததா, பாய்ந்ததா என்று கேட்டுத் தீர்ப்பது தொடரின் வினை.

## அகராதியைத் திறத்தல்

அகராதியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது: அதைத் திறந்தால் விடை கிடைத்துவிடும் என்பது. உண்மையில் அகராதி விடைகளின் பட்டியலைத் தருகிறது. ‘அடி’ என்று தேடினால் பாதம், அளவு, செய்யுளின் வரி, பாத்திரத்தின் கீழ்ப்பகுதி, அடித்தல் எல்லாம் வரிசையாக வரும். எது நம் தொடருக்கு உரியது என்று தேர, மறுபடியும் சூழலிடம்தான் திரும்ப வேண்டும். முதலில் வரும் பொருளை அப்படியே எழுதிக்கொள்ளும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அரை மணி நேரத்தையும் செலவிட்டு, பொருளையும் தவறவிடுகிறார்கள்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை அமைத்ததிலிருந்து அகராதிகள் பல நோக்கங்களோடு வந்திருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன்பின் ஒரு பின்னிணைப்புத் தொகுதியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அதைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். குறளுக்கும் சங்கப் பாடலுக்கும் அதுவே துணை. ஆனால், அதன் விளக்கங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதும், அது முடிந்த காலத்துக்குப் பின் பிறந்த கணினி போன்ற சொற்கள் அதில் இல்லாததும் பள்ளி மாணவருக்குத் தடைகள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் முதற்பதிப்பும், 2008-இல் இரண்டாம் பதிப்பும், 2020-இல் மூன்றாம் பதிப்பும் கண்டது. இன்றைய எழுத்துத் தமிழுக்கு உரியது அது. சொல் ஆளப்படும் தொடரையும் எடுத்துக்காட்டாகத் தருவதால், அகராதியும் சூழலும் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு மாணவிக்கு நான் வாங்கித் தரச் சொல்வது இதைத்தான். பழஞ்சொல்லை அதில் தேடி ஏமாற வேண்டாம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியை அகராதியாகப் பயன்படுத்துவது இப்போது பரவலாகிவிட்டது. ஒற்றைச் சொல்லை மட்டும் இட்டால், அது ஒரு பொருளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் தருகிறது. அந்த ஆங்கிலச் சொல்லிலிருந்து மாணவர் மீண்டும் தமிழுக்கு வருகிறார். இரண்டு முறை கைமாறிய பொருளில் எவ்வளவு மிஞ்சும்? தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே அறியும் பழக்கம் கைகூடும்வரை இதைத் தவிர்ப்பது நல்லது என்றே சொல்வேன்.

அகராதியின் பெரும் செலவு, வாசிப்பின் ஓட்டம் அறுந்துபோவது. ஒரு சொல்லைத் தேடினால், அதன் விளக்கத்தில் இன்னொரு தெரியாத சொல் இருக்கும். அதைத் தேடினால் மூன்றாவது வரும். ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே’ என்ற உரியியல் வரி இதற்கு இவ்வளவு பொருந்துவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பையே தருகிறது: பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் எல்லை கிடையாது. எங்கே நிறுத்துவது என்பதைத் தேடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் பிழையைக் காட்டிக்கொடுப்பதில் இந்த வழிக்கு நிகர் வேறில்லை. இறும்பூது என்னும் சொல்லை ஒரு முறை தேடியவர் மறுபடி தவறாக ஆளமாட்டார்.

## தெரிந்தவரைக் கேட்டல்

வட்டாரச் சொல், தொழிற்சொல், வினைமரபு ஆகிய மூன்றுக்கும் இதுவே முதல் வழி. கூடை முடைந்தார், அம்பு எய்தார், சுவர் எழுப்பினார், ஆடை நெய்தார் என்பவற்றில் எந்த வினை எந்தப் பெயரோடு செல்லும் என்பதைப் பொருளாராய்ச்சியால் அடைய முடியாது. கூடையும் செய்யப்படுவதுதான், ஆடையும் செய்யப்படுவதுதான்; வழக்கு ஒன்றை முடைகிறது, மற்றொன்றை நெய்கிறது. யானை பிளிறுவதும் மயில் அகவுவதும் இப்படியே. கேட்டும் படித்தும் காது பழகியவருக்கு விடை தானாக வரும். பழகாதவர் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கேட்கப்படுபவரும் சில நேரம் ஊகித்தே சொல்கிறார் என்பது இதன் ஆபத்து. ஆசிரியர் என்ற இடத்தில் நிற்பவர்களுக்கு ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று கூறும் துணிவு வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | துல்லியம் | நினைவில் தங்குதல் | பிழை தெரியவருமா |
|---|---|---|---|---|
| சூழல் | மிகக் குறைவு | இனம் வரை. தெரிந்த சொற்களுள் தேர்வதானால் உயர்வு | குறைவு. பல முறை கண்டால் கூடும் | பெரும்பாலும் தெரியாது |
| பகுப்பு | குறைவு | ஆக்கச் சொற்களில் உயர்வு. வழக்குச் சொற்களில் தாழ்வு | மிக உயர்வு | சூழலோடு ஒப்பிட்டால் தெரியும் |
| அகராதி | மிகுதி | உயர்வு. தேர்வு நம்முடையது | ஊகித்தபின் பார்த்தால் உயர்வு | தெரியும் |
| தெரிந்தவர் | ஆளைப் பொறுத்தது | வட்டார, தொழிற்சொல்லில் மிக உயர்வு | உயர்வு | அவர் அறிவைப் பொறுத்தது |

## யாருக்கு எது

குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்துக்கு 200 வினாக்கள். ஒரு வினாவுக்கு 54 நொடி. தேர்வறையில் அகராதியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆகவே, அங்கே சூழலும் பகுப்பும் மட்டுமே துணை. ஆனால், தேர்வறையில் பயன்படும் வழியையே வீட்டிலும் பழக வேண்டும் என்று அந்த இளைஞர் எண்ணியதுதான் அவருடைய தவறு. சூழல் தேர்ந்துகொடுக்கும் பொருள்கள் முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும். அவற்றைச் சேர்ப்பது வீட்டில், அகராதியோடு நடக்க வேண்டிய வேலை. மாதிரித் தேர்வில் தவறவிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் இடச் சொன்னேன்: நான் ஊகித்தது, பிரித்தால் கிடைப்பது, அகராதி சொல்வது. முதற்கட்டமும் மூன்றாம் கட்டமும் எங்கே விலகுகின்றன என்பதைச் சில வாரங்கள் பார்த்தாலே, தன் ஊகம் எந்த வகைச் சொற்களில் தவறுகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். ஒத்த பொருள்போலத் தோன்றும் இரண்டு விடைகளுள், தொடரின் வினையோடு எது வழக்கில் சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த வகை வினாக்களில் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

பள்ளி மாணவிக்கு நான் சொல்வது வேறு. ஒரு பக்கத்தை முதலில் நிறுத்தாமல் படித்து முடிக்கட்டும். தெரியாத சொற்களின் அடியில் பென்சிலால் கோடிடட்டும், அவ்வளவே. இரண்டாம் முறை படிக்கும்போது அவற்றுள் பாதியேனும் சூழலாலும் பகுப்பாலும் தெளிந்துவிடும். எஞ்சியவற்றுள், பத்தியின் கருத்தே எந்தச் சொல்லைப் பற்றி நிற்கிறதோ அதையும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருவதையும் மட்டும் அகராதியில் பார்க்கட்டும். அதுவும், தன் ஊகத்தை ஓரத்தில் எழுதிவைத்த பிறகு. முதலில் ஊகித்துவிட்டுப் பார்க்கும் சொல், வெறுமனே பார்க்கும் சொல்லைவிட நன்றாக நினைவில் தங்குவதை வகுப்பில் பல முறை கண்டிருக்கிறேன்.

குறளோ சங்கப் பாடலோ படிக்கத் தொடங்குபவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அங்கே ஆபத்து தெரியாத சொல்லில் இல்லை. தெரிந்த சொல்லில் இருக்கிறது. நாற்றம் என்பது அன்று நறுமணத்தையும் குறித்தது. 580-ஆம் குறளின் ‘நாகரிகம்’ இன்று நாம் கொள்ளும் நாகரிகம் ஆகாது, அது கண்ணோட்டத்தின் பண்பு. ஆதலால், எளிதாகத் தோன்றும் சொல்லையே முதலில் ஐயுற்று, லெக்சிகனையும் நல்ல உரையொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

செய்தியோ கட்டுரையோ எழுதுபவர்களுக்கு மட்டும் ஊகத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். வாசகர் பிழையாக ஊகித்தால் அது அவரோடு நிற்கும்; எழுதுபவர் பிழையாக ஊகித்தால், அந்தத் தொடரே அடுத்தவர் ஊகிப்பதற்கான சூழலாகிவிடுகிறது. ஊர் நீர்நிலையைப் பற்றி எழுதும்போது மடையா, மதகா, கலுங்கா என்ற ஐயம் வந்தால், அகராதியைப் பார்த்ததோடு நிற்காமல் அந்த ஊரில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். கலுங்கு பாய்ந்தது என்றால் அந்த ஊருக்கு அது நிறைந்த ஆண்டு. மடை உடைந்தது என்றால் விளைந்த வயல் நீரில் போய்விட்டது.